சேர் பொன்னம்பலம் அருணாசலமும் கதிர்காம மலையும்

தமிழர் மலையை வெறுங் கல்லென்று கண்டாரல்லர். ஆற்றை வெறும் நீரென்று கொண்டாருமல்லர். நிலத்தை வகுத்து இலக்கணஞ் சொன்ன தொல்காப்பியர், மலைநிலத்தைச் சேயோனுக்கும் காட்டுநிலத்தை மாயோனுக்கும் உரிமையாக்கினார். புராணங்கள் இக்கருத்தையே பலபடியாக விரித்தன. கைலை சிவபெருமானுடைய இருக்கை. கங்கை அவன் சடையினின்று இறங்கிய புனல். திருவண்ணாமலையோ இருக்கை மட்டுமன்று. இறைவன் தானே மலையாகி நின்ற இடம். அயனும் மாலும் அடிமுடி காணாது தேடிய சோதிப்பிழம்பு, உலகத்தார் கண்டு வழிபடும்பொருட்டு மலையாய்க் குளிர்ந்தது என்பது தலவரலாறு. அம்மலைக்கு அருணாசலம் என்பது மற்றொரு பெயர்.

அம்மலையின் பெயரைத் தாங்கி இந்நாட்டிற் பிறந்து, நம் ஊவா மாகாணத்து மலையொன்றின் பெருமையை உலகறிய எழுதி, நம் தோட்டங்களில் உழைத்த மக்களுக்காகவும் பேசிய பெரியார் ஒருவரின் வரலாற்றை இம்மலரிற் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவார். அரசியல் வரலாறு படிப்போர் அவரை இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராக அறிவர். கதிர்காமத்தை ஆராய்ந்த அருணாசலத்தையும், தொழிலாளரின் துணைவராகிய அருணாசலத்தையும் ஒருங்கே அறிந்தோர் சிலரே. பதுளை நாட்டினராகிய நாம் அவ்விருவரையும் ஒருவராகக் காணுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பல முதலியார். கொழும்புக் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் திருக்கோயிலை 1856ஆம் ஆண்டில் எழுப்பியவர் இவரே. மூத்த தமையனார் குமாரசுவாமி. அடுத்தவர், பின்னாளில் அத்திருக்கோயிலைக் கருங்கற்றளியாகப் புதுக்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதன். தாய்மாமனார், இந்நாட்டவர் புகழ்ந்து போற்றிய சேர் முத்துக்குமாரசுவாமி. கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி அம்மாமனாரின் புதல்வர். கல்வியும் செல்வமும் சமயப்பற்றும் ஒருங்கே நிறைந்த குடும்பம் அது.

அக்குடும்பத்தார்க்குக் கதிர்காமம் நூலிற் படித்த ஊரன்று. 1830களில், கொழும்பிலேயே நல்ல வீதிகள் அரிதாயிருந்த காலத்தில், அருணாசலத்தின் பாட்டியார் கொழும்பிலிருந்து கதிர்காமம்வரை வெறுங்காலுடன் நடந்து சென்று மீண்டார். நோயுற்ற தம் குழந்தை பிழைக்கவேண்டும் என்று அவர் செய்த நேர்த்தி அது. அக்குழந்தையே பின்னாளில் முத்துக்குமாரசுவாமி என விளங்கியது. தென்கரையோரத்து வெயிலும், ஆட்களற்ற காடும், யானையும் கரடியும், காய்ச்சலும் அக்காலத்து யாத்திரிகரை வாட்டின. இவற்றையெல்லாம் பொருட்படுத்தாது ஒரு தாய் நடந்த அந்த நடையை, அவருடைய பேரர் முதுமையிலும் மறந்தாரல்லர். தம் ஆராய்ச்சியுரையிலே அதனைக் குறித்து வைத்தார்.

அருணாசலம் இன்று றோயல் கல்லூரி எனப்படும் கொழும்பு அக்கடமியிற் கற்றார். புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்று, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ற் கல்லூரியிற் பயின்றார். சட்டமும் கற்றுத் தேறினார். அந்நாளில் சிவில் சேவையென்பது பெரும்பாலும் ஆங்கிலேயர்க்கே உரியதாயிருந்தது. அதன் போட்டித் தேர்விலே தேறி, 1875ஆம் ஆண்டில் அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் இவரே. நீதிபதியாகப் பல ஊர்களில் இருந்தார். தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் காலத்தில், தம்மினும் மூத்த உத்தியோகத்தர் பலரிருக்கவும், பதிவாளர் நாயகம் என்னும் பதவிக்கு உயர்த்தப்பெற்றார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் இவரே. இலங்கையில் அன்று வாழ்ந்தோர் 35 இலட்சத்து 65 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் என்று அக்கணக்குக் கூறிற்று. அதில் யாழ்ப்பாணத்துத் தமிழரும் மட்டக்களப்புத் தமிழரும் தோட்டத்துத் தமிழரும் தமிழர் என்ற ஒரே தொகுதியில் அடங்கினர். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இருவேறாக எண்ணும் வழக்கம் 1911ஆம் ஆண்டு மதிப்பிலேதான் தொடங்கிற்று.

மேனாட்டுக் கல்வி இவரைத் தம் சமயத்தினின்று பிரித்துவிடவில்லை. தஞ்சையைச் சேர்ந்த ஞானாசிரியர் ஒருவரை அடுத்துச் சைவ சித்தாந்தமும் வேதாந்தமும் கேட்டறிந்தார். கேம்பிறிட்ஜில் நட்புக்கொண்ட ஆங்கில அறிஞர் எட்வேட் காப்பென்டர் 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தபோது, அவரையும் அவ்வாசிரியரிடம் அழைத்துச் சென்றார். திருவாசகப் பகுதிகளையும் பிற தமிழ்ச் செய்யுட்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1913ஆம் ஆண்டில் அரச சேவையினின்று இளைப்பாறினார்; அவ்வாண்டிலேயே சேர் பட்டமும் பெற்றார். றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைக்குத் தலைவரான முதல் இலங்கையரும் இவரே. அச்சங்கத்தின் ஏட்டிலேதான் முருக வழிபாட்டையும் கதிர்காமத்தையும் பற்றிய இவரது ஆராய்ச்சியுரை 1924ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவ்வுரையின் பொருளை உணர, கதிர்காமத்தின் நில அமைப்பை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். ஊவா மாகாணத்தின் தென்கோடியிலே, மொனராகலை மாவட்டத்தில் அது உள்ளது. ஊவாவின் மலைகளிலே ஊற்றெடுத்துப் புத்தல வழியாக இறங்கிவரும் மாணிக்க கங்கை கோயிலை அடுத்து ஓடுகின்றது. பின்னர் யால வனத்தினூடே சென்று கடலோடு கலக்கின்றது. தேயிலைக் காட்டில் மழை நின்றபின் ஓடையில் இறங்கும் நீரும், கதிர்காமத்தில் அடியவர் மூழ்கும் நீரும் ஒரே மலைத்தொகுதியின் நீரே என்பதை நம் மாணவர் நினைவிற் கொள்க. கோயிலுக்கு அப்பால் கதிரமலை நிற்கின்றது. ஆற்றின் மேற்புறத்தே செல்லக் கதிர்காமம் உள்ளது. கிழவராய் வந்த முருகனுக்கு உதவ விநாயகர் யானையாய்த் தோன்றி வள்ளியை வெருட்டிய இடம் அதுவென்பது மரபு.

பெரிய கோயிலுள் மூர்த்தியைக் காண இயலாது. திரைச்சீலைக்கு அப்பால் பேழையொன்றில் யந்திரம் இருக்கின்றது. சிங்களவராகிய கப்புறாளைமார் வாய்கட்டி மௌனமாகப் பூசை செய்கின்றனர். எதிரே வீதியின் மறுகோடியில் வள்ளியம்மை கோயில். அருகிலே தெய்வானையம்மை கோயில். அண்மையில் முஸ்லிம்களின் பள்ளிவாசல். சற்று அப்பால் கிரிவிகாரை. ஆடிவேல் விழாவின்போது யானைமேல் ஏறும் பேழை இரவுதோறும் வள்ளியம்மை கோயிலுக்குச் சென்று மீள்கின்றது. விழா முடிவில் மாணிக்க கங்கையிலே தீர்த்தம் நிகழ்கின்றது.

இங்கே மூர்த்தியினும் தலமும் தீர்த்தமுமே முதன்மை பெற்று நிற்பதைக் காண்கின்றோம். கோபுரமில்லை, பெருந்தளியுமில்லை. மலையும் ஆறும் காடுமே கோயிலாக அமைந்துள்ளன. சூரனோடு பொருதற்கு எழுந்தருளிய முருகன் பாசறை அமைத்த ஏமகூடம் இதுவே என்பர் ஈழத்துச் சைவர். அருணகிரிநாதரும் இத்தலத்தைத் திருப்புகழிலே பாடினார். அருணாசலம் இம்மரபுகளைத் தொகுத்துக் காட்டியதோடு, ஊர்ப்பெயரையும் ஆராய்ந்தார். கார்த்திகேய கிராமம் என்பது கஜரகாமமாகிப் பின் கதரகாமமாயிற்று என்றும், தமிழர் அதனை ஒளியும் அன்பும் விளங்கும் ஊர் என்ற பொருளில் கதிர்காமம் என்று வழங்கினர் என்றும் கொண்டார். அநுராதபுரத்துக்கு வெள்ளரசுக் கிளை வந்தபோது கஜரகாமத்துப் பிரபுக்களும் அதனை வரவேற்கச் சென்றனர் என்னும் மகாவம்சச் செய்தியையும் எடுத்துக்காட்டி, இத்தலம் தமிழர்க்கும் சிங்களவர்க்கும் பொதுவான தொன்மையுடையது என்று நிறுவினார். நக்கீரரின் திருமுருகாற்றுப்படையையும் அவ்வுரையிலே ஆங்கில வாசகர்க்கு அறிமுகஞ் செய்தார்.

அவர் எழுதிவைத்த மரபுரைகளுள் ஒன்று நம் நெஞ்சைவிட்டு நீங்காதது. வடநாட்டினின்று கலியாணகிரி என்னும் துறவி ஒருவர் வந்தார். இக்காட்டிலே தங்கிவிட்ட முருகனைப் பாரதநாட்டுக்கே மீட்டு அழைத்துச் செல்வது அவருடைய எண்ணம். பன்னீராண்டு கடுந்தவம் இயற்றினார். வேட்டுவச் சிறுவன் ஒருவனும் சிறுமி ஒருத்தியும் அவருக்கு ஓயாது பணிசெய்தனர். ஒருநாள் களைப்பால் அயர்ந்து உறங்கிய துறவியைச் சிறுவன் எழுப்ப, அவர் சினந்து கடிந்துகொண்டார். சிறுவன் ஓட, துறவி தொடர, ஆற்றிடைத் தீவொன்றிலே அச்சிறுவன் முருகனாயும் சிறுமி வள்ளியாயும் காட்சி தந்தனர். முருகனை உடன்வருமாறு துறவி வேண்டினார். அப்போது வள்ளியம்மை துறவியை நோக்கித் தன் கணவனைப் பிரிக்கலாகாது என்று மாங்கல்யப் பிச்சை கேட்டாள். துறவி மனமிரங்கித் தம் எண்ணத்தைக் கைவிட்டார். அழைத்துச் செல்ல வந்தவர் தாமே அங்குத் தங்கினார். யந்திரத்தைப் பொறித்து நிறுவி, அம்மண்ணிலேயே முடிவெய்தினார். முத்துலிங்கசுவாமி கோயில் இன்றும் அவரை நினைவூட்டுகின்றது.

இக்கதையின் உட்பொருள் யாது? தேவசேனாபதி வானுலகத்துக்கு உரியவன். வள்ளியோ இம்மலைக்கு உரியவள். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே கண்டெடுக்கப்பெற்று, வேட்டுவர் குடியில் வளர்ந்து, தினைப்புனம் காத்த பெண் அவள். அவளை மணந்ததனால் முருகன் இம்மண்ணுக்கு உறவினனானான். வெளியினின்று வந்தவனைச் சொந்தமாக்கியது பட்டயமன்று, படைவலியுமன்று. புனங்காத்து உழைத்த ஒரு பெண்ணின் அன்பே. மலை புனிதமாவது அதன் உயரத்தால் அன்று; அங்கே வாழ்வோர் அதனோடு கொண்ட உறவால் என்பதே இக்கதை நமக்கு உணர்த்துவதாகும்.

இனி, அருணாசலத்தின் வாழ்வில் மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். ஊவாவின் காடுகள் முதலிற் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் வெட்டப்பெற்றன. தென்னிந்தியாவிலிருந்து கடல்கடந்து, பல நாட் காட்டுவழி நடந்து வந்த மக்கள் அம்மலைகளிற் குடியேற்றப்பட்டனர். வழியிலே மாண்டோர் மிகப் பலர். எஞ்சியோர் லயக் காம்பிராக்களில் அடைபட்டனர். வரும்போதே கங்காணியிடம் கடன்பட்டனர். அக்கடன்தொகையைக் குறித்த துண்டு என்னும் சீட்டின்றி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போகவும் அவர்களுக்கு வழியில்லை. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கினால் அது குற்றமெனப்பட்டது. சட்டம் அவர்களைச் சிறைக்கு அனுப்பிற்று. கூலிக்கு உழைப்பவன் வேலையை விட்டதற்காகக் கைதியாவது எந்த அறத்துக்கும் ஒவ்வாதது.

நீதிபதியாயிருந்து சட்டத்தின் உள்ளும் புறமும் அறிந்த அருணாசலம் இதனை எதிர்த்தார். 1915ஆம் ஆண்டில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவியிருந்தார். 1919ஆம் ஆண்டில், பெரி சுந்தரம் அவர்களோடு சேர்ந்து இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கினார். பெரி சுந்தரம் தோட்டத்துக் கங்காணி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, கேம்பிறிட்ஜிற் பயின்று மீண்டவர். அவ்வாண்டு டிசம்பரிலே தேசிய காங்கிரசும் அருணாசலத்தின் தலைமையில் உருவாயிற்று. நாட்டின் விடுதலையைப் பேசிய அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளியின் விடுதலையையும் அவர் பேசினார். தொழிலாளரைச் சிறையிடும் விதிகளை நீக்குமாறு அச்சங்கம் இடைவிடாது வற்புறுத்தியது. இந்திய அரசும் இதனைக் கேட்டுநின்றது. 1921ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் துண்டு முறை ஒழிந்தது. 1920களின் தொடக்கத்திலேயே சிறைத்தண்டனை விதிகளும் நீங்கின. கடன் முழுவதும் அற்றுப்போகவில்லை, லயமும் மாறவில்லை. ஆயினும் வேலையை விட்டதற்காக ஒருவன் விலங்கு பூணும் நிலை மாறியது சிறிய காரியமன்று.

இவ்விரு பணிகளும் அவர் வாழ்வின் இறுதியாண்டுகளில் ஒருங்கே நிகழ்ந்தவை. ஒரு கை மலைக்கடவுளைப் பற்றி எழுதியது. மறு கை மலையில் உழைத்தோரின் தளையை அவிழ்த்தது. இவ்விரண்டையும் அவர் ஓரிடத்தும் இணைத்துக் கூறினார் என்று யாம் சொல்லவில்லை. ஆனால் அவர் வாழ்வு அவற்றை இணைத்துக் காட்டுகின்றது. மலையை வணங்கிவிட்டு மலைமக்களை மறப்பது வழிபாடாகாது.

தோட்டத்து மக்களும் இவ்வுண்மையைத் தம் வழியிலே உணர்ந்தவர்களே. அவர்கள் வந்திறங்கிய மலைகளுக்குத் தலபுராணம் பாடப் புலவர் எவரும் உடன்வரவில்லை. எனினும் ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. மலையுச்சியிலே ஒரு கல், ஓடைக்கரையிலே ஒரு மரம், அதனடியில் ஒரு சூலம் என்று தெய்வங்கள் குடிபுகுந்தன. கொழுந்து செழிக்கக் கொழுந்துச் சாமி; கவ்வாத்து வெட்டும்போது கை தவறாதிருக்கக் கவ்வாத்துச் சாமி; தொழிற்சாலைச் சக்கரம் ஆளை விழுங்காதிருக்க ரோதைமுனி. உறுதிப்பத்திரத்தில் ஒரு பேர்ச் நிலமும் தம் பெயரில் இல்லாதவர்கள், மலை முழுவதையும் தெய்வத்தின் பெயரில் எழுதிவைத்தனர். ஆடி மாதத்தில் பசறையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் இறங்கி, வெல்லவாயவும் புத்தலவும் கடந்து கதிர்காமம் சென்றனர். அருணாசலத்தின் பாட்டியார் கொழும்பிலிருந்து நடந்த நடையும், தோட்டத்துத் தாய் குழந்தையைத் தோளிற் சுமந்து நடந்த நடையும் வேறல்ல. நேர்த்தியும் ஒன்றே, முருகனும் ஒருவனே.

அருணாசலம் 1921ஆம் ஆண்டில் காங்கிரசை விட்டு நீங்கினார். 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள், தலயாத்திரையாகச் சென்றிருந்த மதுரையிலே சிவபதமெய்தினார். அவ்வாண்டு ஏப்ரலிலே புகைவண்டி முதன்முறையாகப் பதுளைக்கு வந்து சேர்ந்தது. அவரது ஆராய்ச்சியுரை அச்சேறியதும் அவ்வாண்டே. அவர் 1906ஆம் ஆண்டு முதல் இடைவிடாது வேண்டிநின்ற பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டில் அமைந்தது. பேராதனையில் அவர் பெயரால் ஒரு மாணவர் விடுதி விளங்குகின்றது.

குறையொன்றையும் இங்குச் சொல்லுதல் முறையாகும். கதிர்காமத்தின் பெருமையை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். கற்றோர் சங்கத்தின் முன்வைத்தார். அதனாற் பிறநாட்டார் அறிந்தனர். லயத்தில் இருந்தவர் அறிந்திலர். பேரேட்டில் கைநாட்டு வைத்தவர்க்கு அவ்வுரை எவ்வாறு எட்டும்? அதனை எளிய தமிழில் எடுத்துச் சொல்லும் கடமை ஆசிரியராகிய நமக்கே விடப்பட்டது.

அவர் மறைந்தபின் நிகழ்ந்தவை நம் நெஞ்சை வருத்துவன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டில் சிறிமா அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3 இலட்சம் பேருக்கு இங்கே பிரசாவுரிமை வழங்கவும் வகுத்தது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் கதி பின்னைய பேச்சுக்கு விடப்பட்டது. மூன்று தலைமுறை இம்மலையிற் பிறந்து இறந்தோரின் பிள்ளைகள் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராக்களில் வெவ்வேறு நாட்டவராயினர். நம் பழைய மாணவர் பலர் அவ்வாறே கடல்கடந்து சென்றனர். எஞ்சியோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே தீர்வு தந்தது. முருகனை மீட்டுச் செல்ல வந்த துறவி வள்ளியின் ஒரு சொல்லுக்கு இரங்கினார். இம்மக்கள் கேட்டதும் அப்பிச்சையே அன்றோ? அதற்கு இரங்க அரசுகளுக்கு 55 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

மலையோடு நமக்குள்ள உறவு இன்னும் நிறைவுபெறவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. கதிர்காமம் செல்லும் யாத்திரிகர் கடந்துபோகும் வழியை அடுத்த இடம் அது. மலைத்தெய்வம் சினந்தது என்று கூறி அமைதியடைதல் எளிது. ஆனால் காப்பாற்றும் காட்டை வெட்டியவரும் மனிதரே. சரிவின் அடியிலே ஏழையின் குடியிருப்பை விட்டுவைத்தவரும் மனிதரே. மலையைத் தெய்வமென்று சொல்வோமாயின், அதன் காட்டைக் காப்பதும், அதன் மடியில் வாழ்வோர்க்கு அச்சமின்றி உறங்கத்தக்க நிலமும் வீடும் கிடைக்கச் செய்வதும் அத்தெய்வத்துக்குச் செய்யும் பூசையின் உறுப்புக்களாம்.

நம் கல்லூரியின் மாணவச் செல்வங்களே! நீங்கள் நாள்தோறும் காணும் நமுனுகுல மலையும், துன்ஹிந்தை அருவியும், எல்லையிலுள்ள இராவணன் நீர்வீழ்ச்சியும் வெறுங் காட்சிப் பொருள்களல்ல. அவற்றின் கதைகளைப் பெரியோரிடம் கேட்டறியுங்கள்; உங்கள் தோட்டத்துக் கல்லுக்கும் மரத்துக்கும் உள்ள பெயர்களை எழுதிவையுங்கள். அருணாசலம் கதிர்காமத்துக்குச் செய்த பணி அது. பிறகு, அம்மலையில் உழைப்போர்க்கு நீங்கள் கற்ற கல்வி எவ்வாறு பயன்படும் என்றும் எண்ணிப் பாருங்கள். அருணாசலம் தொழிலாளர்க்குச் செய்த பணி அது. பழைய மாணவராகிய பெரியோர்களும், எந்நாட்டில் இருப்பினும், பிறந்த மலையை மறவாது இவ்விரு பணிகளுக்கும் துணைநிற்பார்களாக. குன்றுதோறாடும் குமரன் திருவருள் நம் கல்லூரிக்கும் ஊவா மக்களுக்கும் என்றும் துணைபுரிவதாக!